புது வீடு: சாவி வாங்குவதற்கு முன் எதை எதைச் சோதித்துப் பார்ப்பது?

#1 புதுநிலை

கட்டி முடிந்த தனி வீடு, கீழும் மாடியும். கடைசித் தவணை மட்டும் பாக்கி. பில்டர் "ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, சுத்திக் காட்டிடறேன், கையெழுத்துப் போட்டுட்டுச் சாவியை வாங்கிக்கலாம்" என்கிறார். பெயின்ட் திட்டு, ஆடும் கைப்பிடி, டைல் மேல் கீறல் எல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும். தெரியாததை எந்த வரிசையில், எதை வைத்துச் சோதிப்பது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 ரசமட்டம்

ஒரு மணி நேரத்தில் பெயின்டைத்தான் பார்க்க முடியும். வீட்டில் பிற்பாடு செலவு வைப்பது பெயின்ட் அல்ல. தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போவதும், போக வேண்டிய இடத்துக்குப் போகாததும்தான். அதைச் சோதிக்க 3 நாள் வேண்டும்.

பில்டரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள்: நிரந்தர மின் இணைப்பும் தண்ணீரும் வந்த பிறகுதான் சோதனை, அதற்கு 3 நாள், அந்த நாட்களில் உள்ளே வேறு வேலை நடக்கக் கூடாது. தற்காலிக இணைப்பில் நாலு பல்பு எரிவதைக் காட்டினால் அது சோதனையில் சேராது.

வரிசை எளிது. மெதுவாகப் பலன் காட்டுவதை முதலில் தொடங்க வேண்டும். முதல் நாள் காலையில் மொட்டைமாடியிலும் குளியலறைகளிலும் தண்ணீர் கட்டிவிடுங்கள். அது நிற்கிற நேரத்தில் மின்சாரம், கதவு, ஜன்னல், தரை, படிக்கட்டு. கட்டிய தண்ணீரைத் திறந்துவிடும்போதே வடிகாலையும் சோதித்துவிடலாம். பெயின்ட் கடைசி.

எடுத்துப்போக வேண்டியவை: 1 மீட்டர் ஸ்பிரிட் லெவல், 5 மீட்டர் டேப், நல்ல டார்ச், ஒரு மரக்குச்சி அல்லது நாணயம், 10 லிட்டர் வாளி, சாக்கெட் டெஸ்டர், சாக்பீஸ், நிறப்பொடி, மாஸ்கிங் டேப், ஏணி. டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பூச்சின் மேடு பள்ளம் நிழலாக விழும். பகலில் போங்கள். மழை பெய்த மறுநாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

#3 ஓதம்

தண்ணி கட்டுறதைப் பத்தி நான் சொல்றேன். பாதிப் பேர் இதைத் தப்பாத்தான் செய்யறாங்க.

மொட்டைமாடி: மழைநீர் வாயை எல்லாம் துணிப்பந்தோ ரப்பர் அடைப்போ வெச்சு அடைங்க. வாட்டம் இருக்கறதால தண்ணி ஒரு பக்கம் ஆழமாவும் ஒரு பக்கம் ஆழம் கம்மியாவும் நிக்கும். மேடான இடத்துலயும் 2.5 செ.மீ. நின்னாப் போதும். ஆழமான பக்கத்துல ரொம்ப ஏத்தாதீங்க, 5 செ.மீ. தண்ணின்னா சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். கைப்பிடிச் சுவர்ல தண்ணி மட்டத்தைப் பென்சில்ல குறிங்க. 48 மணி நேரம் குறைஞ்சபட்சம், 72 இருந்தா நிம்மதி. கசிவு மேல இருந்து கீழ வந்து சேர நேரம் எடுக்கும்.

மட்டம் இறங்கினா உடனே சண்டைக்குப் போகாதீங்க. வெயில்ல ஆவியாகும். பக்கத்துலயே ஒரு தட்டையான டிரேயில அதே ஆழத்துக்குத் தண்ணி ஊத்தி அதே வெயில்ல வைங்க. டிரேயும் தரையும் ஒரே அளவு இறங்கினா அது வெயில். டிரேயை விடத் தரை அதிகமா இறங்கினா தண்ணி எங்கயோ போகுது.

குளியலறை: டிராப்பை (தரையில தண்ணி இறங்கற வடிகால் வாயை) அடைச்சு, வாசற்படி வழியா வெளிய வழியாத அளவுக்கு 24 மணி நேரம் நிக்கட்டும். கீழ் அறையோட சீலிங்கைச் சோதனைக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, இல்லேன்னா "அது பழைய கறை சார்"னு ஒரு பதில் வரும். பார்க்க வேண்டிய இடம்: பைப் சீலிங்கைத் துளைச்சுட்டு வர்ற இடம், சீலிங் மூலைகள், லைட் பாயின்ட் ஓட்டைகள், அப்புறம் குளியலறைச் சுவரோட மறுபக்கம், தரையை ஒட்டி ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரடியில ஒட்டற டைல் பட்டைக்கு) மேல ஒரு சாண் உயரம். புறங்கையால தொட்டுப் பாருங்க, உள்ளங்கையை விட அது சீக்கிரம் குளிர்ச்சியைக் காட்டும். ஈரம் தெரிஞ்சா ஓரத்தைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு மணியை எழுதுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு கோட்டைத் தாண்டியிருந்தா அது ஓடற கசிவு.

#4 புதுநிலை

நன்றி. ஆனால் "வாட்டர்ப்ரூஃபிங் முடிச்சதும் தண்ணி கட்டிப் பார்த்தாச்சு, திரும்ப எதுக்கு" என்கிறார் சைட் இன்ஜினியர். அதில் நியாயம் இருக்கிறதா?

#5 ஓதம்

பாதி நியாயம். டைல் போடறதுக்கு முன்னாடி பார்க்கறதுதான் சரியான சோதனை, அதை அவங்க செஞ்சிருந்தா நல்லது. தேதியோட போட்டோ கேளுங்க. ஆனா அதுக்கப்புறம்தான் டைல்காரர் வந்தார், பிளம்பர் டிராப்பை மாத்தினார், கம்மோடை நிறுத்தத் தரையில ஓட்டை போட்டாங்க. வாட்டர்ப்ரூஃப் படலம் கிழியறது பெரும்பாலும் அந்தக் கட்டத்துலதான். படலத்துல பலவீனமான இடம் ரெண்டு: பைப்பைச் சுத்தி, சுவரும் தரையும் சேர்ற மூலை. சுவர்ல குறைஞ்சது 15 செ.மீ. ஏறியிருக்கணும், ஷவர் இருக்கற சுவர்ல ஆள் உயரத்துக்கு. மொட்டைமாடியும் அப்படித்தான்: வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்ச பிறகு டேங்க் ஸ்டாண்டுக்கோ சோலாருக்கோ போல்ட் அடிச்சிருந்தா பழைய சோதனை செல்லாது.

குழிவு ஸ்லாப் (பைப் போக வசதியா தளத்தைத் தாழ்த்திப் போட்டது) உள்ள குளியலறையா இருந்தா ஒரு நாள்ல கசிவு தெரியாமப் போகலாம். குழிக்குள்ள ரொப்பின செங்கல் தூள் முதல்ல தண்ணியைக் குடிக்கும். அங்க 48 மணி நேரம் விடுங்க. குழியோட அடியில தேங்கற தண்ணிக்குத் தனி வடிகுழாய் இருக்கான்னும் கேளுங்க.

#6 குழாய்வழி

பிளம்பிங்குக்கு வருகிறேன். உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வருவது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அழுத்த மானியை ஒரு பாயின்டில் மாட்டி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பைப் முதலில் கொஞ்சம் விரியும், முள் சற்று இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். அப்புறமும் இறங்கினால் கசிவு. பம்ப் கிடைக்காவிட்டால் இரவு எல்லாவற்றையும் மூடி மீட்டரைக் குறித்து, காலையில் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி வழியாக வரும் வீட்டில் மீட்டர் இதைச் சரியாகக் காட்டாது. தொட்டிக்குள் வரும் வால்வை மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் என்றால் ஏறக்குறைய 8 லிட்டர். ஒரே இரவில் அவ்வளவு போனால் எங்கோ சுவருக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது, அல்லது ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஃப்ளஷ் டேங்கில் நிறப்பொடி போட்டு அரை மணி நேரம் அழுத்தாமல் விடுங்கள். கம்மோடில் நிறம் வந்தால் உள்வால்வு வாஷர்தான், சின்ன விஷயம்.

10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று ஷவரில் பாருங்கள். பிறகு வாஷ்பேசின் குழாயையும் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். நேரம் இரண்டு மடங்கானால் அந்தக் குளியலறைக்கு வரும் பைப் அளவு போதவில்லை, அல்லது வால்வுக்குள் சிமென்ட் துகள் அடைத்திருக்கிறது. எல்லாக் குழாய் நுனியிலும் உள்ள சல்லடையை ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். புது வீட்டுப் பைப்பில் மணலும் பைப் சீவலும் இல்லாமல் இருக்காது. அதுதான் மிக்சருக்குள் போய்ச் சில மாதத்தில் சொட்டவைக்கும்.

வெளியே போவது. புது வீட்டு வடிகாலில் முதல் எதிரி கழிவு அல்ல, கொத்தனார் கரணை கழுவிய தண்ணீர். சிமென்டும் கிரவுட்டும் டிராப் வழியாக இறங்கி வளைவில் உறைந்திருக்கும். ஒரு குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் அழகாகப் போகும். மொத்தமாக விட்டால்தான் வண்டவாளம் தெரியும். பேசின்களை அடைத்து நிரப்பி, குளியலறையில் கட்டிய தண்ணீரோடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து, கம்மோடையும் ஃப்ளஷ் செய்யுங்கள். ஒருவர் வெளியே கடைசி சேம்பர் (கழிவுப் பைப்புகள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து நிற்கட்டும். கீழ்த்தளத் தரை டிராப்பில் தண்ணீர் மேலேறி வந்தால் வழியில் அடைப்பு. சேம்பருக்குள் காய்ந்த சிமென்ட் படிவு தெரிந்தால், பைப்புக்குள்ளும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

100 மி.மீ. கழிவுப் பைப்புக்கு மீட்டருக்கு 2.5 செ.மீ. வாட்டம் நல்ல கணக்கு. மண் இறங்கி நடுவில் பைப் தொய்ந்தால் அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கும். கேமராவில் அது குட்டை மாதிரி தெரியும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்க் குளியலறை டிராப்பின் அருகில் காதை வையுங்கள். "களக் களக்" என்று இழுத்தால் காற்றுக்குழாய் வேலை செய்யவில்லை. டிராப்பில் 5 செ.மீ. தண்ணீர் நிற்பதுதான் நாற்றத்தைத் தடுக்கிறது. காற்று வராவிட்டால் ஓடும் தண்ணீர் அதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கட்டும்போது குப்பை விழாமல் இருக்கக் காற்றுக்குழாய் உச்சியில் அடைப்பு வைப்பார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். மொட்டைமாடியில் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

#7 எர்த்கம்பி

மின்சாரம். சுருக்கமாக, ஆனால் ஒன்றையும் விடாதீர்கள்.

டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) ஒவ்வொரு எம்சிபியையும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) தனித்தனியாக அணைத்து எந்த அறையில் எது நிற்கிறது என்று எழுதுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரோடு ஒப்பிடுங்கள்.

ஒயர் தடிமனுக்கும் எம்சிபிக்கும் பொருத்தம் வேண்டும். பொதுவாக லைட்டுக்கு 1.5 ச.மி.மீ. ஒயரும் 6 அல்லது 10 ஆம்பியரும், சாக்கெட்டுக்கு 2.5 ச.மி.மீ. ஒயரும் 16 ஆம்பியரும், பெரிய ஏசி, ஹீட்டருக்கு 4 ச.மி.மீ. ஒயரும். 1.5 ஒயரில் 20 ஆம்பியர் எம்சிபி இருந்தால் அடிக்கடி விழுந்ததால் யாரோ பெரிதாக மாற்றியிருக்கிறார்கள். ஒயர் சூடாகி உருகும், எம்சிபி விழாது. இது பாதுகாப்புக் குறை. சரிசெய்யாமல் குடிபோகக் கூடாது.

ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் இருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். கவனம்: பட்டனுக்கு விழுந்துவிட்டது என்பதற்காக எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பட்டன் தனக்குள்ளேயே ஒரு சின்ன ஏற்றத்தாழ்வை உண்டாக்கித்தான் விழவைக்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் விழும்.

அதனால் சாக்கெட் டெஸ்டரை எல்லா சாக்கெட்டிலும் செருகுங்கள். லைவ், நியூட்ரல் மாறியிருந்தாலும் எர்த் விடுபட்டிருந்தாலும் காட்டும். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால் காட்டாது. எர்த்தின் தரத்தையும் சொல்லாது. அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து எர்த் அளவும், 500 வோல்ட் மெகரில் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) இன்சுலேஷன் அளவும் எடுத்து எழுத்தில் தர வேண்டும். 1 மெகாஓம் என்பது கீழ் எல்லை. புது ஒயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். 1, 2 என்று காட்டினால் எங்கோ ஒயர் உரிந்திருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது.

கடைசியாக, ஏசி, ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு பிளக் தலைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஸ்க்ரூ தளர்வு. தண்ணீர் கட்டியிருக்கும் குளியலறையில் இந்த வேலை வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டுச் செய்யுங்கள்.

#8 மெத்தைவீடு

எர்த்கம்பி சார், சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி லைட் மங்கலாக எரிகிறது என்று பல புது வீட்டில் சொல்கிறார்கள். அது குறையா?

#9 எர்த்கம்பி

இரண்டு காரணம். ஒன்று, சுவிட்சிலேயே சின்ன சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியாக ஓடும் துளி மின்சாரம் எல்இடிக்குப் போதும், ஆபத்து இல்லை. இரண்டு, சுவிட்சை லைவில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. அப்போது அணைத்த பிறகும் ஹோல்டரில் லைவ் நிற்கும், பல்பு மாற்றும்போது அடிக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து எது என்று பிரித்துப் பாருங்கள்; இரண்டாவது என்றால் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

#10 தூக்குக்குண்டு

விரிசல் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான்.

புது வீட்டில் முடி போன்ற விரிசல் வருவது இயல்பு. கான்கிரீட்டும் பூச்சும் காயும்போது சுருங்கும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால். பூசும்போது அங்கே கம்பி வலை வைத்திருந்தால் வந்திருக்காது. சிலந்தி வலை மாதிரி பூச்சு முழுக்க வந்தால் சிமென்ட் அதிகம், அல்லது தண்ணீர் விட்டு ஆற்றியது போதவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காகப் போவதும் பெரும்பாலும் சுருக்கம்தான். 1 மி.மீ.க்கு உட்பட்டவற்றைப் பட்டி பார்த்துப் பெயின்டில் மறைத்துவிடலாம்.

கவலைப்பட வேண்டியவை வேறு: ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல்; சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்; செங்கல் வரிசையில் படி படியாக ஏறுவது; கூடவே பக்கத்துக் கதவு இறுகுவது; பீமின் அடியில் துருக்கறையோடு நீளவாக்கில் ஓடுவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பில்டரிடம் கருத்துக் கேட்காதீர்கள், நீங்களே கூலி கொடுத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவாருங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வளர்கிறது. பார்க்கும் முன் பூசி மறைக்கவிடாதீர்கள்.

படிக்கட்டையும் டேப் வைத்து அளங்கள். ஒவ்வொரு படியின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். தப்பு எப்போதும் முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான் வரும். கான்கிரீட் படி போடும்போது தரையில் பிறகு ஏறப்போகும் டைல் கனத்தைக் கணக்கில் எடுக்காததால் முதல் படி குட்டையாகிவிடும். 1 செ.மீ. வித்தியாசம் போதும், இறங்கும்போது கால் தடுக்கும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தை நுழையும்.

அலமாரி, சமையலறை மேடை போடப்போகும் மூலைகளில் 90, 120, 150 கணக்கு பாருங்கள். ஒரு சுவரில் 90 செ.மீ., மறு சுவரில் 120 செ.மீ. குறித்தால் குறுக்களவு 150 வர வேண்டும். வராவிட்டால் மூலை மட்டம் சரியில்லை, அலமாரிக்காரர் உங்களிடம் புகார் சொல்வார்.

கதவு: பாதி திறந்து விடுங்கள். தானாக நகர்ந்தால் நிலை தூக்காக (நேர் செங்குத்தாக) இல்லை.

#11 பளிங்கு

டைலை மறந்துவிட்டீர்களே. குச்சியால் தட்டிக்கொண்டே போங்கள். "டொக் டொக்" என்று பொந்துச் சத்தம் வரும் டைல் ஒவ்வொன்றையும் மாற்றச் சொல்ல வேண்டும். விடவே கூடாது.

#12 ரசமட்டம்

பளிங்கு, இதில் மாறுபடுகிறேன். ஒவ்வொன்றையும் உடைத்து மாற்றினால் பக்கத்து டைல் கீறும், நிறம் ஒட்டாது, குளியலறையில் வாட்டர்ப்ரூஃப் படலம் கிழியும். எங்கே பொந்து, எவ்வளவு பொந்து என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அளவு, ஆள் அதிகம் நடக்காத இடம் என்றால் எழுதிவைத்துவிட்டுக் கவனித்தால் போதும். மூலையில் பொந்து, வாசல், சோபா கால், சமையலறை மேடையின் முன்பக்கம் என்றால் கண்டிப்பாக மாற்ற வேண்டும். மூலையின் அடியில் பசை இல்லாவிட்டால் பாரம் விழுந்ததும் உடையும். சுவர் டைலில் பாதிக்கு மேல் பொந்து என்றால் அதுவும் விழும்.

#13 பளிங்கு

வழிக்கு வருகிறேன், ஆனால் வரிசையாகப் பல டைல் பொந்து என்றால்? அது பசையை டைலின் ஐந்து இடத்தில் மட்டும் உருண்டையாக வைத்து ஒட்டியதன் அடையாளம். அங்கே ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பசைக் கோடுகள் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஐந்து வட்டம்தான் இருந்தால் அந்த அறையே கேள்விக்குறி.

தரை ஓரத்தில் ஸ்கர்ட்டிங்கின் அடியில் 5 மி.மீ. போல இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம். சுவரை முட்டி ஒட்டியிருந்தால், வெயிலில் டைல் விரிய இடமில்லாமல் நடு அறையில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும். பெரிய அறைகளில்தான் இது அதிகம்.

#14 ரசமட்டம்

கழற்றிப் பார்ப்பது சரியான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். குளியலறையில் மட்டும் வேண்டாம்.

ஜன்னலையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்குக் கீழே உள்ள வெளிப்புறக் கட்டையின் மேல் வாட்டம் வெளிப்பக்கம் சாய வேண்டும், அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு) இருக்க வேண்டும். காடி இல்லாவிட்டால் தண்ணீர் அடியிலேயே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். சறுக்கு ஜன்னல் டிராக்கில் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். டிராக்கில் விழும் மழைநீர் போவதற்கு. சீலன்ட் அடிப்பவர் ஆர்வக் கோளாறில் அதையும் அடைத்திருப்பார். டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

ஓஸ் அடித்துப் பார்ப்பதாக இருந்தால் கீழிருந்து மேலே போங்கள். முதலில் கட்டை, 5 நிமிடம். அடுத்து பக்கவாட்டு, அப்புறம் மேல் சட்டம். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடமும் நனையும், எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வீட்டைச் சுற்றியுள்ள தரையும் இதே விதிதான்: சுவரிலிருந்து முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் இருந்தால் மழைநீர் அஸ்திவாரத்தை நாடாது. சுவரை ஒட்டி மண் குவித்துச் செடி வைத்திருந்தால் அழகுக்காக விடாதீர்கள். சுவரின் அடிப்பகுதியில் போட்ட ஓதம் தடுக்கும் படலத்துக்கு மேலே மண் ஏறிவிட்டால் அந்தப் படலத்தால் பயன் இல்லை.

#15 மெத்தைவீடு

சுவரில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வீடு ஓதம் என்று அர்த்தமா?

#16 ஓதம்

புது வீட்டுல அவசியம் அப்படி இல்ல. செங்கல்லயும் சிமென்ட்லயும் இருக்கற உப்பு, உள் ஈரத்தோட வெளிய வந்து காஞ்சு பூக்குது. உலர்ந்த பிரஷ்ல தட்டி விடுங்க, தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. கழுவினா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ள போகும். நாலஞ்சு தடவைல குறைஞ்சுட்டே வந்தா கட்டுமான ஈரம். குறையாம, தரையில இருந்து ஒரே உயரத்துல கோடு போட்ட மாதிரி வந்தா கீழ இருந்து ஏறுது. ஒரே இடத்துல வட்டமா வந்தா அங்க பைப் இருக்கான்னு பாருங்க.

பின் குத்திப் பார்க்கற ஈரமானியைக் காட்டி "15 சதவீதம்தான்"னு சொன்னா நம்பாதீங்க. அந்தக் கருவில பெரும்பாலானது மரத்துக்காக அளவிட்டது. பூச்சுல அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்ல. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட ஒப்பிடத்தான் ஆகும். மரத்தரை போடப்போறீங்கன்னா தரையில 45 செ.மீ. சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடியில முத்து முத்தா வேர்த்தாலோ தரை கறுத்தாலோ இன்னும் காயலை. சிமென்ட் தளப்பூச்சு மில்லிமீட்டருக்கு ஒரு நாள்ங்கற கணக்குல காயும், 5 செ.மீ. வரைக்கும், அதுக்கு மேல இன்னும் மெதுவா.

முதல் வருஷம் உள்சுவர்ல ஆவி வெளிய விடற சாதா எமல்ஷன் போதும். பளபள வாஷபிள் பெயின்ட், வால்பேப்பர், சுவரை ஒட்டின அலமாரி எல்லாத்தையும் தள்ளிப்போடுங்க. அலமாரி வெச்சே ஆகணும்னா சுவருக்கு 5 செ.மீ. தள்ளி. சீக்கிரம் காயணும்னு ஹீட்டரை முழுசா போட்டா மேல்பூச்சு மட்டும் காஞ்சு வெடிக்கும். ஜன்னலைத் திறந்து வைக்கறதுதான் வைத்தியம்.

#17 புதுநிலை

இவ்வளவும் பார்த்துப் பட்டியல் போட்டால் "சாவி வாங்கிக்கங்க, ஒவ்வொண்ணா செஞ்சு தர்றேன்" என்பார். பணத்தையும் பிடித்துவைக்க விடமாட்டார். என்ன செய்வது?

#18 பத்திரக்கண்

பட்டியலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. நூறு பெயின்ட் திட்டோடு ஒரு எர்த் குறையும் கலந்து கிடந்தால், அவர் 90 திட்டைச் சரிசெய்துவிட்டு "90 சதவீதம் முடிந்தது" என்பார். மூன்று தாளாகப் பிரியுங்கள். முதல் தாள்: பாதுகாப்பும் கசிவும், சாவிக்கு முன் முடிய வேண்டியவை. இரண்டாவது: இயங்காதவை, தேதி போட்டு. மூன்றாவது: தோற்றம். ஒவ்வொரு வரியிலும் எண், அறை, எந்தச் சுவர், போட்டோ, எப்படிச் சரிசெய்ய வேண்டும். "குளியலறை லீக்" என்று எழுதினால் சிலிக்கான் தடவிவிட்டுப் போவார். "மாடிக் குளியலறை: தண்ணீர் கட்டி 20 மணி நேரத்தில் கீழ் அறை சீலிங்கில் டிராப் பைப்பைச் சுற்றி ஈரம், சரிசெய்து மறுபடி 24 மணி நேரம் கட்டிக் காட்டவும்" என்று எழுதுங்கள்.

கையெழுத்து விஷயம். "வீட்டைத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளில் அப்படியே போடாதீர்கள். "இணைத்துள்ள பட்டியலில் கண்டவை நீங்கலாக" என்று கையால் எழுதி, பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு போடுங்கள்.

பணம்: ஒப்பந்தத்தில் பிடித்தம் பற்றி வரி இருந்தால் அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் முழுக்க மறுப்பதைவிட, முதல் தாளில் உள்ள வேலைகளைச் செய்ய வெளியாள் கேட்கும் தொகையை எழுத்தில் மதிப்பீடாக வாங்கி, அந்த அளவை மட்டும் இருவருக்கும் பொதுவான ஒருவரிடமோ வக்கீலிடமோ வைக்கலாம் என்று சொல்லுங்கள். எண்ணோடு கேட்டால் பேச்சு நகரும். கடன் கொடுத்தவர்கள் கடைசித் தவணையை விடுவிக்கும் முன் உங்கள் கடிதத்தையும் கேட்கிறார்களா என்று பாருங்கள், அது உங்கள் கையில் உள்ள பிடி. எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதற்குச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஒப்பந்தத்தை அங்குள்ள வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இன்னும் ஒப்பந்தம் போடாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: பொருள் பட்டியலில் "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்களைத் தேடுங்கள். இணை எது என்று யார் முடிவு செய்வது என எழுதவைக்க வேண்டும். பரப்பளவு சுவருக்குள் அளந்ததா, சுவரையும் சேர்த்ததா என்று ஒரு வரி. தவணைகள் தேதிப்படி இல்லாமல் வேலை முடிந்த கட்டப்படி.

#19 குழாய்வழி

பத்திரக்கண் சொன்னதோடு ஒன்று. சாவியோடு வாங்க வேண்டிய காகிதங்களில் பலர் கேட்காதது, சுவருக்குள் பைப்பும் ஒயரும் போகும் வழியைக் காட்டும் வரைபடம். "இருக்கு, அனுப்பறேன்" என்பார்கள், வராது. பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் அதுவே போதும். சுவரில் டேப்பை நீட்டிவைத்து எடுத்திருந்தால் தங்கம். இன்னும் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை வாங்குபவர்கள் பூச்சு வேலை தொடங்கும் முன் ஒரு நாள் போய் ஒவ்வொரு சுவரையும் இப்படி எடுத்துவிடுங்கள். ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உதவும்.

மற்றவை: ஒப்புதல் பெற்ற வரைபடம், பயன்பாட்டுக்கான சான்று, எலக்ட்ரீஷியன் அறிக்கை, வாட்டர்ப்ரூஃபிங் உத்தரவாதம் உங்கள் பெயரில், மோட்டார், ஹீட்டர் வாரண்டி அட்டைகள், டைலும் பெயின்டும் வாங்கிய நிற எண். ஒவ்வொரு வகை டைலிலும் ஒரு பெட்டி மிச்சம் கேட்டு வாங்கிவையுங்கள். அதே நிறம் அடுத்த தயாரிப்பில் கிடைக்காது.

#20 புதுநிலை

கடைசியாக ஒன்று. குறைகளுக்கான பொறுப்பு ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்குள் மறுபடி எப்போது பார்ப்பது?

#21 தூக்குக்குண்டு

பத்தாவது மாதம். பதினோராவது மாதம் என்று சொல்வார்கள், ஆனால் ஆள் வர, மறுபடி தண்ணீர் கட்ட, கடிதம் போக நேரம் வேண்டும். மொட்டைமாடியை மட்டும் முதல் பெருமழைக்கு மறுநாளே பாருங்கள்.

பத்தாவது மாதம் பார்க்க வேண்டியவை: பென்சில் தேதி போட்ட விரிசல்கள், வீட்டைச் சுற்றி நிரப்பிய மண் இறங்கிச் சுவருக்கும் வெளித்தரைக்கும் இடையே விட்டிருக்கும் பிளவு, சேம்பர் மூடிகளின் மட்டம், டைல் தட்டல், ஈரத்தில் ஊறிப் பருத்த கதவுகள். சுருக்க விரிசல்களைப் பட்டி பார்க்கச் சொல்ல வேண்டியதும் அப்போதுதான். முதல் மாதமே பார்த்தால் அதே இடத்தில் மறுபடி விடும். கடிதத்தை அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.